பதினான்காம் அறையில் ஒரு விமானி

வீல்சேர் திடீரென்று நின்றுவிட்டது. நான் பிரேக் போடவில்லை. குனிந்து பார்த்தால், ஜோசப் ஐயா வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார். அவருடைய செருப்பின் ரப்பர் இழுபட்டு, பளபளவென்று துடைத்த தரையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

காலைத் தேநீருக்காக அவரை முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்கோன் பன்னின் வெண்ணெய் வாசனை நடைபாதை முழுக்க நிறைந்திருந்தது. ஸ்கோன் என்றால் அவருக்கு உயிர். அன்றைக்கு அந்தப் பக்கமே அவர் பார்க்கவில்லை.

இல்சா அம்மா இருந்த பதினான்காம் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தோல் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவப் பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மார்பில் சிலுவை மாதிரி ஒரு பதக்கம். படத்தின் மூலையில் மங்கிய மையில் கையெழுத்து.

"அது யாரென்று உனக்குத் தெரியுமா, ராணி?"

"இல்சா அம்மாவின் ஊர்க்காரராம், பெரிய விமானியாம்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "யார் இதை மாட்டியது?"

அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. முந்தின நாள் மதியம், ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஒட்டும் கொக்கியை அந்தச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் முப்பது எண்ணும்வரை அழுத்தியது நான்தான்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

கிளென்ஃபீல்டுக்கு இரண்டு மணி நேரம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பல்செட் மாறிப்போன கதையைப் படித்துவிட்டு, 'முதியோர் இல்லத்தில் இவ்வளவு சிரிப்பா' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. இது அதில் ஒன்று. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தில், ஒடாஹுஹுவில் குடியிருந்தோம். ரயிலேறி நகரத்துக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, துறைமுகப் பாலத்தைத் தாண்டி கிளென்ஃபீல்டுக்குப் போக வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திண்டுக்கல்லில் பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், இங்கே பராமரிப்பு உதவியாளர். குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது.

நர்ஸாகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தேன். எல்லாக் காகிதமும் சேர்ந்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. இப்போது வேலை செய்யும் இடத்தின் மேலாளர், 'இவர் நேர்மையானவர், நம்பத்தக்கவர்' என்று கைப்பட ஒரு கடிதம் தர வேண்டும். அது வந்தால்தான் பதிவு. பதிவு வந்தால்தான் அடுத்த விசா. மவுண்ட் வெல்லிங்டனில் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவரும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளும் என் விசாவைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். ஃபோன் அடித்தால் பயம். மேலாளர் ஜூலி "ஒரு நிமிடம் வா" என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். அவர் பெரும்பாலும் கையுறை தீர்ந்துபோனதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.

இல்சா அம்மா

நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தமிழில் எழுதும்போது தொண்ணூறு தாண்டியவரை வெறும் இல்சா என்று எழுதக் கை வரவில்லை.

ஜெர்மனியின் கிழக்கே, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். போருக்குப் பிறகு அந்த ஊர் வேறு நாட்டின் கைக்குப் போய்விட்டது. ஒரு நியூசிலாந்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறி இங்கே வந்தார். குழந்தை இல்லை. கணவர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

குளிப்பாட்டும்போது தோள் எலும்பு என் கையில் பறவை எலும்பு மாதிரி தட்டுப்படும். வெந்நீர் முதுகில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அந்த விமானியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த விமானியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இல்சா அம்மா 'எங்கள் ஊர்ப் பெண்' என்றுதான் சொல்வார். உண்மையிலேயே அதே ஊர்.

"ஐந்தடிகூட இருக்க மாட்டார், ராணி. டாக்டராகி, விமானத்தில் பறந்துபோய் ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் அவர் ஆசை. மருத்துவம் படிக்கப் போய், கிளைடரில் ஏறினார். அதோடு படிப்பு போயிற்று."

இயந்திரமே இல்லாத கிளைடர் விமானத்தில் சாதனை மேல் சாதனை. கூரை போட்ட அரங்கத்துக்குள், ஜனங்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஹெலிகாப்டரை எழுப்பி நிறுத்திக் காட்டினார். போர் வந்ததும், ஆண்களே ஏறத் தயங்கிய புது விமானங்களை ஓட்டிப் பார்த்தார். ராக்கெட் விமானம் ஒன்று தரையில் மோதி அவர் முகம் நொறுங்கியது. மயங்கி விழுவதற்கு முன், என்ன கோளாறு என்பதைத் தாளில் குறித்து வைத்துவிட்டுத்தான் மயங்கினாராம்.

இல்சா அம்மாவுக்குப் பதினோரு வயதில், பதக்கத்தோடு அவர் ஊருக்கு வந்தார். பூ தூவ நின்ற பிள்ளைகளில் இல்சா அம்மாவும் ஒருத்தி. கையெழுத்துப் போட்ட படம் அன்றைக்குக் கிடைத்தது.

நானும் மயங்கித்தான் போனேன். வீட்டுக்கு வந்து மகளிடம்கூடச் சொன்னேன், பார், எவ்வளவு தைரியமான பொம்பளை என்று. யாருக்காக அந்த விமானங்கள், யார் தலையில் குண்டு போட என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் உலகப் போரைப் பத்து மார்க் கேள்வியாகப் படித்தவள் நான்.

இல்சா அம்மாவின் பெட்டியை ஒழுங்கு செய்தபோது படம் கையில் கிடைத்தது. "மாட்டிவிடேன், நான் விழிக்கும்போது பார்க்க," என்றார். மாட்டினேன்.

அந்த இந்தியப் பெண்

ஜோசப் ஐயா அன்றைக்குத் தேநீர் குடிக்கவில்லை. மதியம் சாப்பிடவில்லை. வற்புறுத்தினால் வாயை இறுக மூடிக்கொண்டார். மாலை அவர் மகள் வந்தாள். மறுநாள் காலையில் ஜூலி எங்கள் எல்லோரையும் அலுவலக அறையில் நிற்கவைத்தார்.

ஜோசப் ஐயா வியன்னாவிலிருந்து ஏழு வயதில் சித்தப்பாவோடு இங்கே வந்த யூதக் குழந்தை என்று அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. அம்மா அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. அந்தக் கப்பலில் அவர் வரவில்லை. எந்தக் கப்பலிலும் வரவில்லை. முகாம் ஒன்றில் கொல்லப்பட்டார்.

"அவர் அம்மாவைக் கொன்றவர்களின் விமானி படம், அவர் அறைக்கு நேர் எதிரே," என்றார் ஜூலி. "மகள் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். புகார் மேலிடத்துக்குப் போகும். யாரிடமும் கேட்காமல் யார் மாட்டியது?"

  வாயைத் திறந்தால் என் கடிதம் போய்விடும். கடிதம் போனால் விசா.

"இல்சாவிடம் கேட்டேன். 'அந்த இந்தியப் பெண்' என்கிறார்," என்றார் ஜூலி.

அறையில் அப்படிச் சொல்லத்தக்கவர்கள் இரண்டு பேர். நானும், யாழ்ப்பாணத்து வசந்தி அக்காவும். அக்காவுக்கு இந்தியாவில் ஒரு ஊர்கூடத் தெரியாது. ஆனால் இல்சா அம்மாவின் மங்கிய கண்ணுக்கு நாங்கள் இருவரும் ஒன்று.

"ராணி?"

"நான் இல்லை. எனக்குத் தெரியாது."

இரண்டாவது முறை. முதல் முறையைவிடச் சுலபமாக வந்தது.

ஜூலி சுவரில் இருந்த ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தார். படம் மாட்டிய நாள் மதியம் முதல் அந்த வரிசை அறைகள் வசந்தி அக்காவின் பொறுப்பு.

"நானும் இல்லை," என்றார் அக்கா.  என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

விசாரணை முடியும்வரை அவரைச் சலவை அறைக்கு மாற்றினார்கள். பத்து வருடமாக அங்கே வேலை செய்தவர். குழுத் தலைவி பதவிக்கு மனுப் போட்டிருந்தார். அவருக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம்.

பாலத்தின் மேல் படித்தது

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஃபோனை எடுத்துத் தேடினேன். மழை. ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை. பாலத்தின் மேல் காற்று பஸ்ஸையே தள்ளிக்கொண்டிருந்தது.

இல்சா அம்மா சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாததும் நிறைய இருந்தது.

போர் தோற்கத் தொடங்கியபோது, விமானிகள் குண்டோடு சேர்ந்து எதிரிக் கப்பலில் மோதிச் சாக வேண்டும் என்ற திட்டத்தை அவர் அன்றைய ஜெர்மன் சர்வாதிகாரியிடமே கொண்டுபோயிருக்கிறார். தன் பெயரையும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைசி நாட்களில், எரிந்துகொண்டிருந்த பெர்லினுக்குள் பறந்து, ஓட்டியவர் குண்டடி பட்டதும் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து விமானத்தைத் தெருவில் இறக்கி, சர்வாதிகாரியின் நிலவறைக்குப் போய், தானும் அவரோடு அங்கேயே சாக அனுமதி கேட்டிருக்கிறார்.

அதே சமயத்தில் அந்த விமானியின் அப்பா, ரஷ்யர்கள் வருவார்கள் என்ற பயத்தில், வீட்டில் எல்லோரையும் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போனார். அதைப் படித்தபோது ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

போருக்குப் பிறகும் அவர் பறந்தார். இந்தியாவுக்கு வந்து நம் பிரதமரையே கிளைடரில் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் கிளைடர் பள்ளி நடத்தியிருக்கிறார். நான் அரசியல்வாதி இல்லை, விமானி மட்டுமே என்பதுதான் அவர் நிலை. தான் பணிசெய்த அந்த ஆட்சிக்காக வெளிப்படையாக வருந்தியதாக எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வீரப்பெண் என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், காறித் துப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு சின்னச் செய்தியால். போர் நடக்கும்போதே ஒரு நண்பர், கொலை முகாம்களைப் பற்றி அச்சிட்ட சிறு புத்தகத்தை அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் கொதித்துப்போய், அந்த முகாம்களை நடத்திய பெரிய அதிகாரியிடமே கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

முகம் நொறுங்கியும் கோளாறைக் குறித்து வைத்தவருக்கு, இந்த ஒரு இடத்தில் கேள்வி நின்றுபோயிருக்கிறது. தெரிந்துகொண்டால் எல்லாம் போய்விடும் என்ற பயமாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பயம் புரிந்தது. புரிந்ததுதான் அவமானமாக இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "கடிதம் வரட்டும், அப்புறம் சொல்லு," என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று எழுந்து போய்விட்டார்.

சலவை அறையில்

மூன்று நாள் கடத்தினேன்.  நாலாம் நாள் இடைவேளையில் சலவை அறைக்குப் போனேன். உலர்த்தும் இயந்திரங்களின் சூடு முகத்தில் அடித்தது. வசந்தி அக்கா போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீர்தான் மாட்டினனீர் எண்டு அண்டைக்கே தெரியும். கொக்கிப் பெட்டியோட அந்த அறைக்குள்ள போகேக்க கண்டனான்."

அவர் என்னை 'நீர்' என்று அழைக்கும்போதெல்லாம் ராஜா காலத்துப் படத்தில் நிற்கிற மாதிரி எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"ஒராளைக் காட்டிக் குடுத்து நான் தப்பிறதோ? அது எனக்கு வராது. அதால என்னென்ன நடக்கும் எண்டு கண்டு வளந்தனான்."

போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இருவரும் மடித்தோம்.

"என்ர தங்கச்சி பதினேழு வயசில இயக்கத்துக்குப் போனவள்," என்றார். "திரும்பி வரேல்லை. யூனிபோர்மோட ஒரு படம் இருக்கு. சீலைக்குள்ள சுத்தி சூட்கேசுக்குள்ள வைச்சிருக்கிறன். மாட்டவும் இல்லை, எறியவும் இல்லை."

மடித்த போர்வையை அடுக்கில் வைத்தேன்.

"உந்த ஜெர்மன்காரியும் என்ர தங்கச்சியும் ஒண்டெண்டு நான் சொல்லேல்லை. அப்பிடி ஆரும் சொன்னா சண்டைக்குப் போவன். ஆனா பயமில்லாத பிள்ளையளைக் கண்டா எனக்கு இப்ப பயமாக் கிடக்கு. ஆர் வந்து கூட்டிக்கொண்டு போகப் போயினமோ எண்டு."

அடுத்த போர்வையை எடுத்தார். "நான் உம்மைக் கெஞ்சப் போறேல்லை, ராணி. சொல்லுறதும் விடுறதும் உம்மட விருப்பம்."

நேராக ஜூலியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். சொன்னேன். மாட்டியது நான். இரண்டு முறை பொய் சொன்னதும் நான்.

ஜூலி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "படத்தை மாட்டியதற்காக நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன், ராணி. அவர் அறை, அவர் சுவர். வசந்தியை நான்கு நாள் அங்கே நிற்கவைத்தாயே, அதற்கு என்ன சொல்கிறாய்?"



எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். நேர்மைக் கடிதத்தை இப்போது எழுத முடியாது, ஆறு மாதம் போகட்டும் என்றார். அந்த ஆறு மாதத்தில் விசாவை நீட்டிக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. கடிதம் கடைசியில் வந்தது. நடந்ததை மறைக்காமல், தானே வந்து ஒப்புக்கொண்டாள் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார். இன்றைக்கு நான் இங்கே பதிவுபெற்ற நர்ஸ்.

வசந்தி அக்காவுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. விசாரணை நடந்த வாரத்திலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால், மனசில் இல்லாவிட்டாலும் ஓம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

அவர் கேட்ட கேள்வி

படத்தை எடுத்துவிடுவதா என்று ஜூலி ஜோசப் ஐயாவிடம் கேட்டபோது, எல்லோரும் எதிர்பார்த்த பதிலை அவர் சொல்லவில்லை.

"எடுக்க வேண்டாம். என்னை அந்த அறைக்குள் கூட்டிப் போங்கள். ஒரு கேள்வி கேட்க வேண்டும்."

அவர் மகள் வேண்டாம் என்றாள். ஜூலி யோசித்தார். இல்சா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். இல்சா அம்மா தலைசீவிவிடச் சொன்னார், நல்ல சட்டை போட்டுக்கொண்டார். ஜோசப் ஐயாவை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவர்தான் ராணி வரட்டும் என்றார். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு பேரும் எதிரெதிரே. படத்தை அவர் பார்க்கவே இல்லை.

"உங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்கள் இருந்தார்களா?"

"நான் சின்னப் பிள்ளை. எனக்கு ஒன்றும் தெரியாது," என்றார் இல்சா அம்மா.

ஜோசப் ஐயா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. வெளியே போகலாம் என்று எனக்குக் கை காட்டினார். வீல்சேரைத் திருப்பினேன். கதவு வரை வந்துவிட்டோம்.

"லோட்டே என்று ஒரு பெண் இருந்தாள்."

நின்றோம்.

"கடிகாரக் கடைக்காரரின் மகள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். ஜன்னல் ஓரம் அவள், அடுத்தது நான். எட்டு வயது. ஒருநாள் வரவில்லை. இனிமேல் அவளைப் போன்ற பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வர மாட்டார்கள் என்றார் டீச்சர். எல்லோரையும் ஓரிடம் தள்ளி உட்காரச் சொன்னார்."

இல்சா அம்மாவின் விரல்கள் போர்வை ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"அந்த இடத்திலிருந்து மலை தெரியும். மலையிலிருந்து கிளைடர்கள் கிளம்புவது தெரியும். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு."



"அவளுக்கு என்ன ஆயிற்று?" என்றார் ஜோசப் ஐயா.

"நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட யாரிடமும் கேட்கவில்லை."

ஜோசப் ஐயா வீல்சேரைத் திருப்பச் சொன்னார். கட்டில் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "லோட்டேயின் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

இல்சா அம்மா கண்ணை மூடினார்.  பிறகு சொன்னார். ஜோசப் ஐயாவுக்கு இரண்டாவது பெயர் சரியாகக் கேட்கவில்லை. "மெதுவாக," என்றார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இல்சா அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.